கிச்சாப்பின் வலது கண்

வியாழக்கிழமை காலை நம் பூனை வளர்ப்போர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. சாந்தி போய்விட்டார், மாரடைப்பு, ஐம்பத்திரண்டு வயது. கிள்ளானில் நாம் பூனையைத் தூக்கிக்கொண்டு ஓடும் அந்தக் கிளினிக்கின் முன்மேசையில் இருபது வருடமாக உட்கார்ந்திருந்தவர். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, இரங்கல்களுக்குக் கீழேயே ஒருவர் தன் பூனையின் படத்தைப் போட்டு, "கண்ணுல மஞ்சளா வடியுது, என்ன ட்ராப்ஸ் ஊத்தலாம்?" என்று கேட்டார். இன்னொருவர், "உங்கப்பா கண் ஆபரேஷன் மருந்து மிச்சம் இருந்தா ஊத்துங்க லா, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த மனுஷி இருபது வருடம் தொண்டை வற்றக் கத்தியது யார் காதில்தான் விழுந்தது?

என் காதிலும் விழவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் முதன்முதலில் கிளினிக்குக்குப் போன் செய்தபோது எடுத்தவர் அவர்தான். "ஒரு கண்ணா, ரெண்டு கண்ணா அண்ணே? தும்முதா? சாப்பிடுதா?" எதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. "பூனையைப் பார்த்துட்டுப் பேசுறீங்களா, டிவியைப் பார்த்துக்கிட்டுப் பேசுறீங்களா?" என்றார். இரண்டு கண்ணும் வடிந்து தும்மலும் இருந்தால் சளிக்காய்ச்சலாக இருக்கலாம், மற்ற பூனைகளுக்கும் ஒட்டும், தனியே வைங்க என்பார். ஒரு கண் மட்டும் என்றால் கீறலாகவோ தூசியாகவோ இருக்கலாம். எல்லோருக்கும் அவர் சொல்வது ஒன்றுதான்: "தண்ணியா வந்தா கவனிங்க, மஞ்சளா பச்சையா வந்தா கொண்டு வாங்க, கண்ணை மூடிக்கிட்டா ஓடி வாங்க."

ஒருமுறை ஓர் ஆன்டி மஞ்சள் தண்ணீரால் கழுவிய பூனையோடு வந்தார். முகமெல்லாம் மஞ்சள். சாந்தி தலையில் அடித்துக்கொண்டார். "பூனைக்கா கல்யாணம், நலங்கு வெச்சிருக்கீங்க?" என்று கத்திக்கொண்டே, ஆறிய வெந்நீரில் பஞ்சை நனைத்து, ஒரு கண்ணுக்குத் தொட்டதை மறு கண்ணில் வைக்காமல் துடைத்துவிட்டார். வாய்தான் அப்படி, கை பூப்போல இருக்கும்.

சோயா சாஸ் நிறத்துக்காகக் கிச்சாப் என்று நான் பேர் வைத்த என் கருப்புப் பூனை ஒருநாள் வலது கண்ணை இறுக மூடிக்கொண்டது. ஓடி வாங்க என்று அவர் சொன்ன அதே அறிகுறி. நான் ஓடவில்லை. என் கண்புரை ஆபரேஷனில் மிச்சமான சொட்டு மருந்து மிளகாய்ச் சம்பால் டப்பாவுக்குப் பக்கத்தில் குளிர்பெட்டியில் இருந்தது. விலை கூடிய மருந்து, மனுஷக் கண்ணுக்கே நல்லதென்றால் பூனைக்கு ஆகாதா என்று மூன்று நாள் ஊற்றினேன். நான்காம் நாள் கண் பால்போல வெளுத்தது. அப்போதுதான் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"ஏதாச்சும் ஊத்துனீங்களா அண்ணே?"

"இல்லையே."

"வீட்டு மருந்து ஏதாச்சும்?"

"இல்லைன்னுதான் சொல்றேனே."

அவர் என்னையே பார்த்தபடி கிச்சாப்பை வாங்கி உள்ளே டாக்டரிடம் கொடுத்தார். கண்ணில் கீறல் புண் இருந்தது. மனிதர்களுக்குத் தரும் சில சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு இருக்கும், புண்ணில் பட்டால் அதுவே அரித்துவிடும் என்று டாக்டர் பொதுவாகச் சொன்னார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை எடுக்க வேண்டியதாயிற்று. மயக்கம் தெளியும்வரை கிச்சாப்பை மடியில் வைத்திருந்தவர் சாந்தி.

அடுத்த வாரம் முன்மேசையில் அவர் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தமிழிலும் மலாயிலும் இங்கிலீஷிலும். "உங்க கண் மருந்தைப் பூனைக்கு ஊத்தியிருந்தா சொல்லிடுங்க. திட்ட மாட்டேன்." ஊருக்கே திட்டு விழும் மேசை அது! எனக்காகத்தான் எழுதினார் என்று தெரியும். இரண்டு வருடம், பூனைத் தீனி வாங்கப் போகும்போதெல்லாம் அந்தத் தாளைப் படிக்காதவன்போல நின்றேன். அவரும் ஒருநாள்கூடக் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா என்று இப்போது அவர்மீதே எரிச்சல் வருகிறது.

வியாழக்கிழமை குழுவில் எழுதினேன்: "ஊத்தாதீங்க. நான் ஊத்தினேன், கிச்சாப்புக்குக் கண் போச்சு. சாந்தி கேட்டாங்க, இல்லைன்னு பொய் சொன்னேன். இப்பவே கிளினிக்குக்குக் கொண்டு போங்க." படம் போட்டவர் உடனே கொண்டு போனார். மறுநாள், கண் தப்பிவிடும் என்று எழுதினார்.

அந்தத் தாளை எனக்குத் தரச் சொல்லி டாக்டரிடம் கேட்டேன். மேசையிலேயே இருக்கட்டும் என்றார். அதுவும் சரிதான். என்னிடம் இருப்பது ஒற்றைக் கண் பூனை. தினமும் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் அது என்னை நிமிர்ந்து பார்க்கும்போது, ஆமாம் சாந்தி, ஊத்தினேன் என்று சொல்லிவிட்டுத்தான் தட்டை வைக்கிறேன்.