பனிச்சங்கேணிப் பாதையில் ஓர் ஒழுக்கு

வாகரையை விட்டு மூன்றாவது மைலில் காலில் இருந்த கொப்புளம் உடைந்தது. மரக் கொந்தராத்துக்காரர் ஒருவரின் லொறியில் எட்டு மாதம் கிளீனராக இருந்துவிட்டு நடந்துகொண்டிருந்தேன். இரண்டாம் முறை காய்ச்சல் வந்தபோது, படுத்துக் கிடப்பவனுக்குச் சோறு போட முடியாது என்று அவர் சொல்லிவிட்டார். எந்த ஊருக்குப் போவது என்று நான் முடிவு செய்திருக்கவில்லை. தெற்கே வீதி இருந்தது, நடந்தேன்.

பனிச்சங்கேணியில் அப்போது பாலம் கிடையாது. இரண்டு தோணிகளைச் சேர்த்து மேலே பலகை அடித்திருந்தார்கள். கரைக்குக் கரை கட்டிய கயிற்றைப் பிடித்து ஆட்கள் அதை இழுப்பார்கள். அதைப் பாதை என்று சொல்வது வழக்கம். நான் போய்ச் சேர்ந்தபோது பாதை கரையோடு கிடந்தது. முன்னால் பழைய வாடகைக் கார் ஒன்று கதவு திறந்தபடி நின்றது. பின் ஆசனத்தில் ஒரு பெண் பிரசவ வேதனையில் முனகிக்கொண்டிருந்தாள். முதல் நாள் தொடங்கிய நோவு. மருத்துவிச்சி கையை விரித்துவிட்டாள். மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்று பக்கத்தில் இருந்த அவளுடைய தாய் சொன்னாள்.

பாதைக்காரர் காரை ஏற்ற மறுத்தார்கள். எஞ்சினுக்குக் கீழே மணலில் எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது.

“நீ போட்ட எண்ணெயில எங்கட பலகையில அப்பம் சுடலாம் காக்கா,” என்றார் அவர்களில் மூத்தவர், கார்ச் சாரதியிடம். “போன மாசம் வழுக்கி விழுந்தவன்ட கால் தோணிக்கும் கரைக்கும் நடுவில நசிஞ்சு போச்சு. அதுக்கு முதலும் ஒழுக்கு அடைச்சாச்செண்டுதானே சொன்னாய்?”

“சவர்க்காரம் வச்சு அடைச்சன். சூட்டுல உருகிட்டு,” என்றார் சாரதி. ஓட்டமாவடி முஸ்லிம், இடுப்பில் சாரத்துக்கு மேலே அகலமான தோல் வார் கட்டியிருந்தார். “இந்தப் புள்ளைட முகத்துக்காக விடுங்க அண்ணே.”

“புள்ளையத் தூக்கிக்கொண்டு போய் விடுறம். காரை விடமாட்டம்.”

அக்கரையில் மீன் லொறி ஒன்று நின்றது. வாழைச்சேனையில் ரயிலுக்கு மீன் கொண்டுபோகும் லொறி. பெண்ணை அதில் ஏற்றிவிடலாம் என்றார் மூத்தவர். தாய் அந்த மீன் பெட்டிகளைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள்.

அப்போது நான் வாயைத் திறந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

“அரை மணித்தியாலம் தாங்க. ஒழுக்கை நான் நிப்பாட்டுறன்.”

“யாருகா இது, காடு துப்பின ஆள்?” என்று கயிற்றுக்காரன் ஒருவன் சிரித்தான். தாய் மட்டும் சிரிக்கவில்லை. “செய் ராசா, கெதியாச் செய்,” என்றாள். மீன் லொறி அக்கரையில் புழுதி கிளப்பிக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தோம்.

நான் நேரே காருக்கு அடியில் புகுந்தேன். எண்ணெய் அடித்தொட்டியின் ஆணிகளில் சொட்டியது. சாரதியின் ஸ்பனரால் ஒவ்வோர் ஆணியாக முறுக்கினேன். எஞ்சினை ஓடவிட்டால் மறுபடியும் சொட்டியது. இன்னும் முறுக்கினேன். எண்ணெய் சொட்டும் இடம் ஒன்று, வெளியே வரும் இடம் வேறு என்பதைக் கொந்தராத்துக்காரரின் லொறியிலேயே படித்திருந்தேன். ஆனால் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டு நிற்க, கழுவுவதும் துடைப்பதும் வேலை தெரியாதவன் செய்வதாகத் தோன்றுமே என்று பயந்தேன். அரை மணித்தியாலம் அதிலேயே போய்விட்டது.

பிறகுதான் வெளியே வந்து மண்ணெண்ணெய் கேட்டேன். எஞ்சினை மேலிருந்து கீழ்வரை கழுவித் துடைத்தேன். பக்கத்து அப்பக் கடையில் ஒரு சிரட்டை அரிசிமா வாங்கி எஞ்சின் முழுவதும் தூவினேன். “தீட்டுக் கழிக்கிறானோ?” என்றான் அதே கயிற்றுக்காரன். எஞ்சினை ஓடவிட்டோம். அடியில் மா வெள்ளையாகவே இருந்தது. பக்கவாட்டில், வால்வுகளை மூடியிருந்த தகட்டின் பின்மூலையில் மா கறுத்தது. அந்தக் கறுப்பு ஒரு கோடாகக் கீழே இறங்கி அடித்தொட்டி ஆணிக்கு வந்தது.

தகட்டைக் கழற்றினேன். உள்ளே எண்ணெயை அடைத்து நிற்கவேண்டிய தக்கைப் பட்டி பொடியாக உதிர்ந்தது. உலக யுத்த காலம், புதிதாக வாங்க வழியில்லை. சாரதியின் இடுப்பைப் பார்த்தேன். அவர் வாரைக் கழற்றித் தந்து சாரத்தை முடிச்சுப் போட்டுக்கொண்டார். மீன் வெட்டும் கத்தியால் தோலை மெலிதாகச் சீவி, தகட்டின் அளவுக்கு நறுக்கி, எண்ணெயில் தோய்த்து வைத்து இறுக்கினேன். காருக்குள் கேட்ட முனகல் வரவர மெலிந்துகொண்டு போனது.

மூத்தவர் தன் தலைத்துண்டை எஞ்சினுக்கு அடியில் விரித்தார். “இந்த வெத்திலை மென்று துப்புமட்டும் துண்டில சொட்டு விழாட்டி ஏத்து,” என்று ஒரு வாய் போட்டுக்கொண்டார். எஞ்சின் ஓடியது. அவர் மென்றார். நாங்கள் துண்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். காருக்குள் தாய், “கண்ணை முழி புள்ள” என்று கத்தினாள். மூத்தவர் சிவக்காத வெற்றிலையை அப்படியே துப்பிவிட்டு, “ஏத்து, ஏத்து!” என்றார்.

சூரியன் உச்சிக்கு வந்திருந்தது. நான் கேட்டது அரை மணித்தியாலம், எடுத்தது இரண்டரை.

அவர்களோடு நான் அக்கரைக்குப் போகவில்லை. அப்பக் கடைக்காரி இரண்டு அப்பமும் சம்பலும் தந்தாள். என்னை யாரும் குறை சொல்லவில்லை. நடந்து போயிருக்கலாம். ஆனால் மட்டக்களப்பிலிருந்து எந்தச் செய்தியும் இந்தப் பாதையில்தான் வரவேண்டும். விடிந்ததும் மூத்தவரிடம் போய், கால் நசிந்தவனின் இடத்தில் இழுக்கிறேன் என்றேன். கொப்புளத்தைப் பார்த்தார். “கைக்குத்தான்கா வேலை,” என்றார்.

மூன்றாவது இழுப்பில் அக்கரையில் அந்தக் கார் நின்றது. சாரதி தனியாக இருந்தார். பலகையில் ஏற்றி, சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகுதான் பேசினார்.

“அந்தப் புள்ள உசிரோட இருக்கா. கண் முழிச்சிட்டா. குழந்தைதான் வயித்துக்குள்ளயே முடிஞ்சிட்டாம்.”

“எப்ப முடிஞ்சதாம்?” என்று கேட்டேன்.

“டாக்குத்தர் சொல்லல்ல. நான் கேக்கவும் இல்ல, மகனே.”

மூத்தவர் கயிற்றைப் பிடிக்கச் சொன்னார். உப்பேறிய தேங்காய்நார்க் கயிறு, முதல் நாளே உள்ளங்கையை உரித்துவிடும். நான் ஐந்தாவது ஆளாக, எல்லோருக்கும் பின்னால் நின்று இழுத்தேன்.