அட்ஜஸ்ட்மென்ட் வீட்டில் ஒரே பாட்டு

பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. லிஃப்ட் கம்பெனியில் மேலாளரிலிருந்து கிரீஸ் டப்பா தூக்குகிறவர் வரைக்கும் எல்லாருக்கும் அவர் அட்ஜஸ்ட்மென்ட்தான். எந்த லிஃப்ட் எங்கே மாட்டிக்கொண்டாலும், உள்ளே இருப்பவர்கள் அலறிக்கொண்டிருக்கும்போது கதவிடுக்கில் வாயை வைத்து, "ஒண்ணுமில்லங்க, சின்ன அட்ஜஸ்ட்மென்ட்தான்" என்பார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

வேலையில் ஆள் சுத்தம். லிஃப்ட் தரையோடு சமமாக நிற்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு மாடியிலும் இறங்குவார். ஷூவைக் கழற்றிவிட்டு வெறும் பாதத்தை வாசல் விளிம்பில் தேய்த்துப் பார்ப்பார். ஒரு மாடியை விட்டுவிடலாம் என்று மேலாளரே சொன்னாலும் எரிந்து விழுவார்.

வீட்டுக்கு வந்தால் வேறு பைத்தியம். அலுவலகங்கள் கழித்துக்கட்டும் பழைய கம்ப்யூட்டர்களையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தார். ஹாலில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று, சமையலறை அலமாரியில் எண்ணெய் தெறிக்காமல் பிளாஸ்டிக் போர்த்தி ஒன்று. மீதியெல்லாம் பின்னறையில் குவிந்து கிடந்தன. அவற்றில் ஒன்றுதான் தலைமைப் பெட்டி. அதில் பாட்டைப் போட்டால் எல்லா அறையிலும் ஒரே நேரத்தில் பாட வேண்டும். வீட்டில் எங்கே நடந்தாலும் பாட்டு அறுபடாமல் கூடவே வர வேண்டும். இதுதான் அவருடைய லட்சியம். வீட்டில் இருப்பது இரண்டே பேர், யார் அப்படி நடந்துகொண்டே இருக்கப் போகிறார்கள் என்று கேட்டால் முறைப்பார். இருந்த ஒரே மகள் கல்யாணமாகித் தப்பித்துவிட்டாள்.

ஒரே நேரம் என்பது வாயால் சொல்ல எளிது. ஒவ்வொரு கம்ப்யூட்டரின் கடிகாரமும் அதன் இஷ்டத்துக்கு ஓடும். ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். நல்லவேளையாக ஒவ்வொரு பெட்டிக்கும் பாட்டைக் கொஞ்சம் முன்னே தள்ளவோ பின்னே இழுக்கவோ வழி இருந்தது. அட்ஜஸ்ட்மென்ட்டுக்கு வேறென்ன வேண்டும்? ஹாலில் தன் நாற்காலியில் சாய்ந்து, கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டு, காதைத் தீட்டித் தள்ளிக்கொண்டும் இழுத்துக்கொண்டும் இருந்தார். படுக்கையறை சீக்கிரமே வழிக்கு வந்தது. சமையலறைதான் படுத்தியது. ரயில் பெட்டி மாதிரி நீண்ட வீடு அது. ஹால் ஒரு கோடியில், சமையலறை மறு கோடியில். அங்கிருந்து வரும் பாட்டு எப்போதும் ஒரு இழை பிந்தியே வந்தது.

இதற்கிடையில் மனைவிக்கு ஒரு ஆர்டர் வந்தது. கட்டில் காலடியில் ஒற்றைத் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தவள் அவள். ஒரு ஆஸ்பத்திரி தன் நர்சுகளுக்கெல்லாம் உடுப்பு தைத்துத் தருவாயா என்று கேட்டது. இன்னும் இரண்டு மெஷின் போட இடமிருந்தால் அவளுக்கு, இல்லாவிட்டால் வேறொருத்திக்கு. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"அந்தப் பின்னறையக் குடுங்க" என்றாள்.

"என் வேலை முடியிற நேரத்துலயா கேப்ப?"

"உங்க வேலை என்னிக்கு முடிஞ்சிருக்கு?"

வாக்குவாதம் முற்றிப் பந்தயத்தில் வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அண்ணன் வருவார். அவர் முன்னால் வீடு முழுக்க ஒரே பாட்டாகக் கேட்டால் அறை இவருக்கு. பிசிறடித்தால் அவளுக்கு. அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர். யார் எதைச் செய்தாலும் இல்லாத பிரேக்கைக் காலால் மிதிக்கும் பழக்கம் உண்டு. தீர்ப்புச் சொல்வதென்றால் சாப்பாடுகூட வேண்டாம் அவருக்கு.

சனிக்கிழமை சமையலறையை இன்னும் கொஞ்சம் முன்னே தள்ளினார். பிறகு இன்னும் கொஞ்சம். திடீரென்று ஒட்டிக்கொண்டது! பாட்டில் வந்த கைதட்டல்கள் ஒவ்வொன்றும் ஒரே தட்டாக விழுந்தன. மனிதர் நாற்காலியிலேயே ஆடினார்.

ஞாயிறன்று அண்ணன் வந்தார். வந்தவருக்கு மரியாதை என்று தன் நாற்காலியையே கொடுத்தார் அட்ஜஸ்ட்மென்ட். இதில் சூது எதுவும் இல்லை. அந்த அளவுக்கு மூளை இருந்தால் ஏன் வீட்டைக் காயலான் கடையாக்கப் போகிறார்? அதே கைதட்டல் பாட்டைப் போட்டார். அண்ணன் கண்ணை மூடிக் கேட்டார். கால்கூட அசையவில்லை.

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "என்னங்க, இங்க கொஞ்சம் வாங்களேன்."

தோற்றவள் முகத்தைப் பார்க்கும் ஆசையோடு போனார். அவள் அடுப்பின் முன் நின்றபடி, "இங்க நில்லுங்க" என்று நகர்ந்து இடம் விட்டாள்.

நின்றார். அலமாரிப் பெட்டி ஒரு தட்டு தட்டியது. ஹாலிலிருந்து அதே தட்டு நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்தது. ஒவ்வொரு வரியையும் ஒருத்தி பாடி முடிப்பதற்குள் இன்னொருத்தி பின்னால் இழுத்தாள். கடிகாரத்தில் ஒரு கோளாறும் இல்லை. சமையலறைப் பாட்டு ஹாலுக்கு வந்துசேர நேரம் பிடிக்கிறது, அவ்வளவுதான். அது தன் காதுக்குச் சரியாக வர வேண்டும் என்று சமையலறையை முன்னே தள்ளித் தள்ளி, இங்கே நிற்பவளுக்குக் கந்தரகோலமாக்கி வைத்திருந்தார். எட்டு மாடியானாலும் ஏறி இறங்கிப் பார்க்கிறவர், சொந்த வீட்டில் பதினைந்து தப்படி நடக்கவில்லை.

"எத்தனை நாளா இப்படிக் கேக்குது?"

"நீங்க தள்ள ஆரம்பிச்சதுலேருந்து."

"சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேனே, ரெண்டு பேரு பாடுற மாதிரி இருக்குன்னு. டூயட்டுன்னா அப்படித்தான் இருக்கும்னீங்க."

அவள் கரண்டியை எடுத்துக்கொண்டாள். "பரவால்ல விடுங்க. நான் அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பார். சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் சுட்டது. தன் பட்டப்பெயரைக் கேட்டு அவர் வெட்கப்பட்டது அதுவே முதல் தடவை.

ஹாலில் அண்ணன் எழுந்து நின்று தீர்ப்பை வாசித்துக்கொண்டிருந்தார். "பிசிறே இல்ல மாப்ள! தங்கச்சி, நீ தோத்துட்ட. அறை அவருக்குத்தான்."

"இல்ல மச்சான், நான்தான் தோத்தேன்" என்றார் அட்ஜஸ்ட்மென்ட். பாட்டை நிறுத்திவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பின்னறைக்குள் நுழைந்தார். "ஒரு கை பிடிங்க. நாளைக்கு இங்க மெஷின் வருது."

கனத்த மானிட்டர் ஒன்றின் மறுபக்கத்தைத் தூக்கிக்கொண்டு, ஒன்றும் புரியாமல் பின்னோக்கி நடந்தார் அண்ணன். "என்ன மாப்ள இது? எனக்குச் சரியாத்தானே கேட்டுச்சு?"

"கேக்கும் மச்சான். நீங்க என் நாற்காலியில உக்காந்திருந்தீங்க."