நாற்பத்தெட்டு எண்ணும் ஒரு விரல் மஞ்சளும்

லேப்டாப் மூடியைத் திறந்ததும் சந்தனச்செல்வி முதலில் மோந்துதான் பார்ப்பார். கீபோர்டு மேல் மூக்கைக் கொண்டுபோய், கண்ணை மூடி, ஒரே இழுப்பு. "காப்பி" என்பார். இல்லாவிட்டால் "கரப்பான்". சில நேரம் கொண்டுவந்தவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஒங்க வீட்டுச் சன்னலு கடலப் பாத்து இருக்கோ?" என்று கேட்பார். வந்தவர் அசந்துபோய்த் தலையாட்டுவார். உப்புக்காற்று பட்ட மதர்போர்டுக்குத் தனி வாசனை உண்டாம். நானும் மோந்து பார்த்திருக்கிறேன். மூக்கில் தூசி ஏறி நாலு தும்மல் வந்ததுதான் மிச்சம்.

தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் போகிற வழியில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருக்கிறது சந்தனச்செல்வியின் லேப்டாப் ரிப்பேர் கடை. வயது நாற்பத்தாறு. அப்பா மாப்பிள்ளையூரணியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். மகள் தராசை விட்டு ஸ்க்ரூடிரைவரைப் பிடித்தாலும் கடைக்காரர் குணம் போகவில்லை. வந்தவரை உட்காரவைத்து, தண்ணீர் கொடுக்காமல் வேலையைப் பற்றிப் பேசமாட்டார். கழற்றிய திருகாணிகளை மக்ரூன் டப்பாக்களில் போட்டு வைத்திருக்கிறார். டப்பாக்களின் மேல் 'குட்டை', 'நெட்டை', 'எதுக்குன்னு தெரியாதது' என்று எழுதி ஒட்டியிருக்கும். மூன்றாவது டப்பாதான் இருப்பதிலேயே பெரியது. என் லேப்டாப்பைச் சரிசெய்து தந்த அன்று அதிலும் இரண்டு விழுந்த சத்தம் கேட்டது. எதற்கு என்று நான் விசாரிக்கவில்லை.

'ஃபார்மேட்' என்ற சொல் அவர் வாயில் வராது. குளிப்பாட்டுவதுதான். "தலைக்கு ஊத்திருவோமா, மேலுக்கு மட்டும் போதுமா?" என்று கேட்பார். மேலுக்கு என்றால் உள்ளே இருக்கும் கோப்புகளைத் தொடாமல் விண்டோஸை மட்டும் புதிதாகப் போடுவது. தலைக்கு என்றால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து போடுவது.

தலைக்கு ஊற்றுவதற்கு இரண்டு சட்டம் வைத்திருக்கிறார். ஒன்று, எதையெதைக் காப்பாற்ற வேண்டும் என்று வாடிக்கையாளர் ஒரு நோட்டில் தன் கைப்பட எழுத வேண்டும். அந்த நோட்டைப் புரட்டினால் பொழுது போவதே தெரியாது. 'ஜாதகம் இரண்டு, ஒரிஜினலும் திருத்தியதும்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டாவது சட்டம், அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்கும்போது அந்த எண்டர் பொத்தானை உடைமைக்காரர்தான் அமுக்க வேண்டும். ஏன் என்று கேட்டேன்.

"பத்து வருசத்துக்கு முன்னால ஒரு வாத்தியாரம்மா, எல்லாத்தையும் அழிச்சிரு செல்வின்னாவ. அழிச்சேன். மறுநா வந்து, எம் மவ பாடுனது ஒண்ணு உள்ள கெடந்துச்சேன்னாவ. மவளக் கட்டிக்கொடுத்து துபாயில இருக்கா, நல்லாத்தான் இருக்கா. ஆனா ஆறு வயசுல பாடுனத இனிமே எங்கன போயி எடுக்க? அன்னையில இருந்து அந்தப் பொத்தான நான் தொடுறதில்ல, அண்ணாச்சி."

சொல்லிவிட்டு டூத் பிரஷ்ஷால் ஒரு கீபோர்டைத் தேய்க்க ஆரம்பித்தார்.

போன மாசியில் ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு நான் அங்கே இருந்தபோது விஜயராஜ் வந்தார். ஏரல் பக்கத்துக் கல்யாண வீடுகளுக்குப் போட்டோ எடுப்பவர். உட்காரவில்லை, தண்ணீரும் வாங்கவில்லை. அப்போதே சந்தனச்செல்விக்கு விஷயம் பெரிது என்று தெரிந்துவிட்டது. மோந்தும் பார்க்காமல் லேப்டாப்பைத் திறந்தார். நீலத்திரை. நாற்பத்தெட்டு எண் கொண்ட சாவியைப் போடு என்று அது கேட்டுக்கொண்டு நின்றது.

"அப்டேட் ஓடிட்டு இருந்துச்சுக்கா. பாதியில இத கைதவறிக் கீழ போட்டுட்டேன். அதுக்கப்புறம் இப்படியேதான் நிக்கி."

இரண்டு வருடத்துக்கு முன் பஸ்ஸில் லேப்டாப் பையைத் தொலைத்தவர் விஜயராஜ். அதற்குள் இருந்த கல்யாணப் பெண்களின் படம் யார் கையில் சிக்கியதோ என்று அப்போது ஒரு மாதம் தூங்கவில்லை. அடுத்த லேப்டாப்பை வாங்கிக்கொண்டு நேரே இங்கேதான் வந்தார். சந்தனச்செல்வி டிஸ்க் முழுவதையும் பூட்டிக் கொடுத்தார். கழற்றி வேறு எதில் மாட்டினாலும் வெறும் குப்பையாகத்தான் தெரியும். சாவியை ஆன்லைன் கணக்கில் போட்டுவைக்கவா என்று கேட்டதற்கு, "ஈமெயிலு, பாஸ்வேர்டெல்லாம் மறந்துருவேன்க்கா" என்று சொல்லிவிட்டார். அதனால் சந்தனச்செல்வி நாற்பத்தெட்டு எண்ணையும் ஆறாறாகப் பிரித்து, வரிக்கு நாலு கட்டம் என்று இரண்டு வரியில் பிரிண்ட் எடுத்து, பர்ஸில் வைக்கத் தோதாக ஓரம் ஒட்ட வெட்டி, "இதுதாம்லே இந்தப் பொட்டிக்கு உயிரு. பத்திரம்" என்று கையில் கொடுத்திருந்தார்.

"பேப்பரு எங்கலே?"

"வீட்டுல இருக்குக்கா. அவ எடுத்துட்டு வாரா."

"உள்ள என்ன இருக்கு?"

விஜயராஜ் அப்போதுதான் உட்கார்ந்தார். ஏரல் நல்லக்கண்ணு அண்ணாச்சி மகள் கல்யாணம், தையில் நடந்தது, மொத்தமும் உள்ளே இருக்கிறது. வேறெங்கும் இல்லை. கேமரா கார்டை அழித்து மறுவாரம் ஒரு பால்காய்ப்பு வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். மாப்பிள்ளை கப்பல்காரர். தாலி கட்டிய ஒன்பதாம் நாள் கப்பலேறியவர் திரும்பிவர எட்டு மாதம் ஆகும். அந்தப் பெண் தினமும் போன் பண்ணி, "அண்ணே, ஒரு படமாவது அனுப்புங்கண்ணே" என்று கேட்கிறாள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே விஜயராஜின் மனைவி இசக்கிசெல்வி படியேறி வந்தார். கையில் ஒரு மஞ்சள் துணிப் பொட்டலம். அதை இரண்டு கையாலும் நீட்டினார். சந்தனச்செல்வி பிரித்தார்.

காகிதத்தின் நாலு மூலையிலும் மஞ்சள். நடுவில் குங்குமம்.

"ஆயுத பூசைக்கு வச்சேன்க்கா" என்றார் இசக்கிசெல்வி. "இதுதான் உயிருன்னு நீங்க சொன்னியளாம். கேமராவுக்கு வச்சேன், லென்சுக்கு வச்சேன், இதுக்கு வைக்காம விட்டா நல்லாவா இருக்கும்? கல்யாணப் பத்திரிகைக்கு வைக்க மாதிரி வச்சேன்."

ஈர மஞ்சள் பட்டு மை கரைந்து ஓடியிருந்தது. ஓரம் ஒட்ட வெட்டிய காகிதம் என்பதால் மூலையில் இருந்ததெல்லாம் எண்தான். மூன்று மூலையில் ஒவ்வொரு எண் போயிருந்தது. நாலாவது மூலைக்கு வரும்போது இசக்கிசெல்விக்குப் பக்தி கூடியிருக்க வேண்டும், இரண்டு எண்ணைக் காணவில்லை. குங்குமம் நல்லவேளையாக வரிகளுக்கு நடுவே விழுந்திருந்தது.

விஜயராஜ் மனைவியைப் பார்த்த பார்வையை நான் எழுத விரும்பவில்லை. "ஒன்ன யாரு..." என்று ஆரம்பித்தார். இசக்கிசெல்விக்குக் கண் நிறைந்துவிட்டது.

"வாய மூடுலே" என்றார் சந்தனச்செல்வி. "உயிருன்னு சொன்னவ நானு. ஓரமே விடாம வெட்டுனவளும் நானு. அவ என்ன செய்வா?" பிறகு இசக்கிசெல்வி பக்கம் திரும்பினார். "ஏளா, அழுதது போதும். வகுத்தல் தெரியுமா?"

"பன்னெண்டு வரைக்கும் படிச்சிருக்கேன்க்கா."

"அப்ப பென்சிலப் பிடி. இந்த ஆறாறு நம்பரு இருக்குல்லா, ஒவ்வொண்ணும் பதினொண்ணால மிச்சமில்லாம வகுபடும். தப்பா அடிச்சா கண்டுபிடிக்கணும்னு அப்படி வச்சிருக்கான். ஒரு நம்பர் போன எடத்துல எத வச்சா மிச்சம் வராதோ, அதுதான் போன நம்பரு."

கீழேயிருந்து பாழான ஜெராக்ஸ் தாள்கள் வந்தன. முதல் கட்டத்தில் மிஞ்சியிருந்தது 17385. இசக்கிசெல்வி அதற்கு முன்னால் ஒன்று வைத்தார், இரண்டு வைத்தார், வகுத்துக்கொண்டே போனார். ஐந்து வைத்தபோது மிச்சமில்லாமல் போனது. "517385!" என்று இசக்கிசெல்வி கத்தியதில் கீழே ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் அண்ணாந்து பார்த்திருப்பார்கள். எனக்கும் ஒரு கட்டம் கொடுத்தார்கள். நான் தப்பாகப் போட்டேன். இசக்கிசெல்வி அதைப் பிடுங்கித் திருத்தி, மூன்றாவதையும் தானே முடித்தார். விஜயராஜ் செல்போனில் கால்குலேட்டரைத் தேடிக்கொண்டிருந்தார்.

நாலாவது மூலைதான் வம்பு. 4738, அதற்குப் பின்னால் வெறும் மஞ்சள். இரண்டு எண் போனால் ஒரே விடை வராது. 473803-இல் தொடங்கிப் பதினொன்று பதினொன்றாகக் கூட்டிக்கொண்டு போனால் ஒன்பது விடை.

"ஒம்பதுல ஒண்ணு" என்றார் சந்தனச்செல்வி. "நீயே வாசி. நான் அடிக்கேன்."

முதலாவது இல்லை. இரண்டாவதும் இல்லை. மூன்றாவதுக்குள் விஜயராஜின் போன் அடித்தது. திரையில் 'ஏரல் அண்ணாச்சி' என்று வந்தது. எடுக்கவில்லை. நாலு, ஐந்து. ஐந்தாவதும் தப்பு என்று வந்தபோது இசக்கிசெல்வியின் குரல் இறங்கிப்போனது. "வாசிளா" என்றார் சந்தனச்செல்வி. 473858. பூட்டு திறந்தது.

ஒருவரும் கை தட்டவில்லை. சந்தனச்செல்வி கல்யாணப் படங்களை ஒன்றுக்கு இரண்டு டிஸ்க்கில் ஏற்ற ஆரம்பித்தார். ஏறுகிற வரை விஜயராஜ் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஏறிய பிறகு முதல் வேலையாக, மாப்பிள்ளை சிரிக்கிற ஒரு படத்தை அந்தப் பெண்ணுக்கு அனுப்பினார். அடுத்ததாக அண்ணாச்சிக்குப் போன் போட்டு, "ஆல்பம் வேல நடந்துக்கிட்டே இருக்கு அண்ணாச்சி" என்றார். பொய் என்று சொல்ல முடியாது.

"இனி தலைக்கு ஊத்திருவோம்" என்றார் சந்தனச்செல்வி. நோட்டில் எழுதவைத்தார். விஜயராஜ் எண்டரை அமுக்கினார். மூன்று மணிக்கெல்லாம் விண்டோஸ் புதிதாக ஏறி, டிஸ்க் மறுபடியும் பூட்டப்பட்டது. புதுப் பூட்டுக்குப் புது நாற்பத்தெட்டு.

பிரிண்டரிலிருந்து காகிதம் வந்தபோது இசக்கிசெல்வி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றார். "அத அவர்ட்டயே கொடுங்கக்கா. நான் தொடல."

சந்தனச்செல்வி கத்தரிக்கோலை எடுத்தார். இந்த முறை நாலு பக்கமும் இரண்டு விரல் ஓரம் விட்டு வெட்டினார். லேமினேட் போட்டு விஜயராஜின் சட்டைப் பையில் செருகினார். பிறகு பிரிண்டர் பக்கம் திரும்பி அதே தாளை இன்னொன்று எடுத்து, அதே போல ஓரம் விட்டு வெட்டினார். சாமிப் படத்துக்குக் கீழே இருந்த டப்பாவைத் திறந்து, மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து, நாலு மூலையிலும் தன் விரலாலேயே தொட்டு வைத்து, அதை இரண்டு கையாலும் இசக்கிசெல்வியிடம் நீட்டினார்.