கைதட்டலுக்குச் சொன்ன முடிவு

எழுபதுகளில் தேவிகுளம் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். துரைமார் கிளப்பில் கழித்துப்போட்ட நாவல்களை அகராதி வைத்துப் படித்துக் கொஞ்சம் இங்கிலீஷ் சேர்த்திருந்தேன். அறிவைவிடப் பெருமை அதிகம்.

மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம், கொழுந்துக் கொட்டகையின் சன்னல்களைச் சாக்கால் மறைத்துப் படம் போடுவார்கள். ஒருமுறை மலைப்பாதையில் மண் சரிந்து தமிழ்ப் படப்பெட்டி வந்து சேரவில்லை. கிளப்புக்கு வந்திருந்த இங்கிலீஷ் படத்தையே ஓட்டினார்கள். கறுப்பு வெள்ளை. மூடுபனிக்குள் பெரிய பங்களா. மனைவியை இழந்த துரை. அவன் புதிதாகக் கட்டிவந்த பயந்த பெண். செத்தவளின் சீப்பைக்கூட இடம் மாற்றவிடாத வேலைக்காரி. நான் படித்த நாவல்தான்.

"கம்பவுண்டரே, எந்திரிச்சுக் கதையச் சொல்லும்யா!" என்று கத்தினார்கள். திரைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

முன்வரிசையில் ஆபீஸ் கிளார்க்கின் மனைவி இருந்தாள். அவளும், மூத்தவள் செத்தபின் கட்டிய இரண்டாம் தாரம்தான். போடியிலிருந்து வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. "மூத்தவ கைப்பக்குவம் வருமா?" என்று அவள் காதுபடவே பேசுவார்கள். கிளார்க்கோ வாயில் கொழுக்கட்டை வைத்த மனிதர்.

கடைசிச் சுருளுக்கு முன் கரண்ட் போய்விட்டது. "மிச்சத்த நீரே முடிச்சிரும்!" என்று ஒரே சத்தம். அவள் மட்டும் மெதுவாகக் கேட்டாள்: "ஏண்ணே, அவரு மனசுல இருக்கது யாரு? மூத்தவளா, இவளா?"

நாவலில் இவள்தான். மூத்தவளை அவனுக்குப் பிடிக்கவே பிடிக்காது. அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாதவன், அவ்வளவுதான். ஆனால் எங்கள் லயத்து வீடுகளில் ஒரு சொலவடை உண்டு. அது என் நாக்கில் வந்து உட்கார்ந்துவிட்டது. "செத்தவளுக்குக் குத்தமில்ல, இருக்கவளுக்குக் குணமில்ல! மூத்தவதான் தாயி. இளையவ பொட்டியக் கட்டிட்டு ஆத்தா வீட்டுக்குப் போயிட்டா" என்று முடித்தேன்.

கொட்டகை அதிரக் கைதட்டினார்கள். அவள் தட்டவில்லை.

அடுத்த வாரம் போடி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். கிளார்க் போய்க் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, தனியாகத் திரும்பி என்னிடம் வந்தார்.

"என்னய்யா கதை சொன்னீரு? 'கதையிலகூட எனக்கு இடமில்ல'ங்கா. இவதான்யா என் உசுரு. எனக்குச் சொல்ல வராது. நீரே அவளுக்கு ஒரு கடுதாசி எழுதும்."

உண்மையான முடிவை நாலு பக்கம் எழுதினேன். கீழே அவர் சொன்னதையும் சேர்த்துப் போடிக்கு அனுப்பினேன்.

தீபாவளி கழிந்து வந்துவிட்டாள். இருமல் மருந்துக்கு வந்தவள் சன்னலுக்கு வெளியே நின்று கேட்டாள்: "கடுதாசியில உள்ளதுதான் நெசமாண்ணே?"

"அதுதாம்மா நெசம்."

"பெறகு அன்னிக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க?"

கைதட்டலுக்காக என்று சொல்லியிருக்க வேண்டும். "படிச்சு ரொம்ப நாளாச்சுல்லா, மறந்துட்டேன்" என்றேன்.

"நல்லவேளை, பெறகாச்சும் ஞாபகம் வந்துச்சே. நீங்க நல்லா இருக்கணும்ணே" என்று சிரித்துவிட்டு, மருந்து பாட்டிலை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.