மச்சாளின் மஞ்சள் போத்தல்

ஜெர்மனியில் பல் பிடுங்கியவுடன் ஓர் எண் கேட்கிறார்கள். நோவே இல்லையென்றால் பூச்சியம், தாங்க முடியாவிட்டால் பத்து. கெல்சென்கிர்ச்சனில் என் ஞானப்பல்லைப் பிடுங்கிய வைத்தியரும் ஊசியின் விறைப்பு இறங்கத் தொடங்கியதும் இதைத்தான் கேட்டார். எட்டென்று சொல்லத்தான் வாய் வந்தது. பிள்ளை பெற்றவள் ஒரு பல்லுக்கு இப்படிப் பதறுவதா என்று கூச்சப்பட்டு, “ட்ரை”, மூன்று என்றேன். அவர் தலையசைத்து, இபுப்ரோஃபன் குளிசைக்கு ஒரு மருந்துத் துண்டும், கன்னத்தில் வைக்க ஒரு குளிர்ப்பையும் தந்தார். அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்தில் பல் பிடுங்கியபோது வைத்தியர் எண் எதுவும் கேட்கவில்லை. என் முகத்தையும் அம்மாவின் முகத்தையும் பார்த்தார். மூன்று கடதாசிப் பைகளில் மூன்று நிறக் குளிசைகள் வந்தன. எது எதற்கென்று நாங்களும் கேட்கவில்லை. பை கூடினால் கவனிப்பும் கூட என்று நம்பி வளர்ந்தவள் நான். ஆகவே மருந்தகத்தில் வாங்கிய ஒற்றைக் குளிசைப் பெட்டியோடு பேருந்தில் இருந்தபோது சந்தேகம் தொடங்கிவிட்டது. வெளிநாட்டுக்காரி என்றபடியால்தான் இவ்வளவு குறைவோ? தனியார் காப்புறுதி வைத்திருப்பவர்களுக்கு வேறு மருந்து கொடுப்பார்களோ?

வீட்டில் என் கணவரின் அக்கா இருந்தார். எங்கள் ஐந்து மாத மகளைப் பார்க்க ரொறன்ரோவிலிருந்து வந்திருந்தார்.

“இது காய்ச்சலுக்குப் போடுற குளிசையெல்லோ! உங்கடை ஜெர்மன்காரர் மருந்திலையும் கஞ்சத்தனம்தான்.” கைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் போத்தலை எடுத்தார். “எனக்குப் பல்லுப் பிடுங்கேக்கை அங்கை தந்தது. மிச்சம் கிடக்கு. ஒண்டைப் போடு, பல்லிருந்த இடமே தெரியாது.”

“பிள்ளைக்குப் பால் குடுக்கிறன், மச்சாள்.”

“ஒரு குளிசையிலை என்ன வரப்போகுது? டொக்டர் தந்தது.”

“உங்களுக்கெல்லோ தந்தவர்.”

“அப்ப நோவோடை கிட!”

இபுப்ரோஃபனில் ஒன்று போட்டேன். நோ குறையவில்லை. காய்ச்சல் குளிசைதானே என்று மிச்சத்தைத் தொடவில்லை. மறுநாள் காலை கன்னம் பணிஸ்போல வீங்கிவிட, பல் வைத்தியரிடம் தொலைபேசினேன். நேற்று மூன்று என்றது பிழை, உண்மையில் எட்டு என்றேன். எடுத்த பெண் குறித்துக்கொண்டாள். உதவியாக இருக்கட்டுமென்று, போத்தலில் இருந்த பெயரையும் வாசித்து, அது கிடைக்குமா என்று கேட்டேன்.

“இந்தப் பெயர் உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றாள்.

அதுவரை நான்தான் அவர்களைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். வைத்தியரே தொலைபேசிக்கு வந்தார். அது ஓபியொய்ட், அபின் வகை, பல்லுக்கு அதை அவர் எழுதுவதில்லை, பழகிவிட்டால் விடுவது கடினம் என்றார். தாயின் பாலில் கலந்து குழந்தையை மயக்கும், மூச்சையும் மந்தமாக்கும் என்றார். பிறகு இபுப்ரோஃபன் எத்தனை போட்டேன் என்று கேட்டார். ஒன்று என்றேன். எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை போட்டால்தான் வேலை செய்யும், துண்டில் எழுதியிருக்கிறதே என்றார்.

“அந்தக் குளிசை வீட்டில் இருக்கிறதா?”

மச்சாள் எதிரே மகளை மடியில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகளின் பாதுகாப்பைப் பார்க்கும் அரச அலுவலகத்துக்கு, அந்த யூகென்ட்ஆம்டுக்கு, அறிவிப்பார்களோ என்று பயந்தேன். “நைன்”, இல்லை என்றேன்.

“என்னவாம்?” மச்சாள் போத்தலைத் திறந்து ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். வாங்கிக்கொண்டு குளியலறைக்குப் போய், அதை மகளின் அழுக்கு நாப்பியில் சுற்றிக் குப்பையில் போட்டேன். இபுப்ரோஃபனைச் சொன்ன கணக்கில் போடத் தொடங்கினேன். அடுத்த நாள் மத்தியானம் சோறு மெல்ல முடிந்தது.

“பாத்தியே, என்ரை குளிசை வேலை செய்திட்டுது!”

“ஓம் மச்சாள்.”

அவர் வெற்றியோடு தேத்தண்ணீர் வைக்கப் போனார். மகள் பால் குடித்தபடியே தூங்கிப்போனாள். ஜெர்மன்காரர் தந்ததைத் தவிர வேறொன்றும் என் உடம்பில் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவளின் மூக்கடியில் விரலை வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.