தோட்டத்துக் கிணறு

பழைய பிரெஞ்சு பங்களாவின் தோட்டத்தைச் சுற்றிக்காட்டிய பெண், "இது அந்தக் காலத்துக் கிணறு" என்றாள். பாசி வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

அன்று தோட்டத்தை ஊராருக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். மில்லுக்கு லீவு போட்டுவிட்டு அப்பா என்னையும் தங்கை மாலாவையும் கூட்டிவந்தார். கூட்டத்தில் மாலாவைக் காணவில்லை. அவள் செருப்பு ஒன்று கிணற்றடியில் கிடந்தது. அப்பா குனிந்து அவள் பெயரைக் கூப்பிட்டார். கிணறுதான் திருப்பிச் சொன்னது. சட்டையைக் கழற்றிவிட்டுச் சுவரில் ஏறினார்.

"நானும் ஏறட்டாப்பா?"

பின்னால் மாலா நின்றாள். சமையல்கட்டில் யாரோ கொடுத்த ரொட்டி கையில் இருந்தது.

அப்பா திட்டவில்லை. "வூட்டுக்குப் போலாம்" என்று அவளைத் தூக்கியவர், முத்தியால்பேட்டை வரும்வரை கீழே இறக்கவேயில்லை.

இன்று பங்களாவைவிட்டு வெளியே வந்ததும் மாலாவுக்குப் போன் செய்தேன்.

"இன்னாக்கா, இந்நேரத்துல?"

"சும்மாதான்" என்றேன்.