கழுவிக் காயவைத்த போன்

பால் கவரானாலும் கழுவிக் காயவைத்துக் கொடுத்தால்தான் கொச்சியில், எங்கள் மட்டாஞ்சேரியில் குப்பை எடுக்க வருகிற பெண்கள் வாங்கிக்கொள்வார்கள். எனக்குக் கழுவிக் கழுவியே அலுத்துவிட்டது. பக்கத்து நூலகத்தில் பழைய மின்சாதனங்களை மறுசுழற்சிக்கு வாங்கிக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பேட்டரி உப்பிக் கிடந்த பழைய போனையும் வழக்கம்போலக் கழுவி, கவர்களோடு மொட்டைமாடி வெயிலில் வைத்தேன். சற்று நேரத்தில் உஸ்ஸென்று புகை கிளம்பித் தீப்பிடித்தது. கவர்கள் உருகின, கொடியில் கிடந்த என் புடவையின் நுனி கருகியது. கணவர் ஓடிவந்து பூந்தொட்டி மண்ணை அள்ளிக் கொட்டினார்.

“போனைப் போய் யாராவது கழுவுவாளா?” என்றார்.

“கழுவாம இந்த ஊர்ல எதை வாங்கிக்கறா?” என்றேன்.

இப்போது பேட்டரி உள்ள எதிலும் தண்ணீர் படவிடுவதில்லை. எப்படிக் கொடுப்பதென்று நூலகத்தில் கேட்டுவிட்டு, கழுவாமல் அப்படியே கொடுக்கிறேன். இந்த வீட்டில் என் கையால் கழுவாமல் வெளியே போகிற சாமான் அது ஒன்றுதான்.